ரேசரை மாற்றிய பிறகு முகம் முரண்டு பிடித்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

காரைக்குடிப் பக்கம் எங்கள் வட்டத்தில் யார் ரேசர் மாற்றினாலும் புகார் என்னிடம்தான் வரும். யூஸ் அண்ட் த்ரோவில் தொடங்கி கார்ட்ரிட்ஜ் (தலையை மட்டும் மாற்றுவது), தாத்தா காலத்து சேவிங் செட் (இரட்டை விளிம்பு பிளேடு போடும் உலோக ரேசர்), மின்சார ஷேவர், சவரக்கத்தி என்று எல்லாவற்றையும் கன்னத்தில் ஓட்டிப் பார்த்தவன் என்ற பெயர் எனக்கு உண்டு. "அண்ணே, புதுசு வாங்கினேன், முகமெல்லாம் எரியுது" என்று போன் வந்தால் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதுக்கு முன்னாடி எதுல பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

காரணம் இருக்கிறது. புது ரேசர் பழுதாக இருப்பது அபூர்வம். பழைய ரேசர் கைக்குப் பழக்கிவிட்ட அழுத்தமும் கோணமும் புது ரேசரிலும் கூடவே ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. கார்ட்ரிட்ஜில் தலை தானே அசைந்து கோணத்தைப் பார்த்துக்கொள்ளும், கொஞ்சம் அழுத்தினாலும் தாங்கும். சேவிங் செட்டில் கோணம் உங்கள் மணிக்கட்டில் இருக்கிறது. சவரக்கத்தியில் கோணம், அழுத்தம், தோலை இழுத்துப் பிடிப்பது மூன்றுமே உங்கள் பொறுப்பு. மின்சார ஷேவரில் பிளேடு தோலைத் தொடுவதே இல்லை, மெல்லிய சல்லடைத் தகட்டுக்குப் பின்னால் ஓடுகிறது. ஒன்றில் பழகிய கையை இன்னொன்றில் அப்படியே ஓட்டினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

கீழே உள்ளவற்றில் உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போங்கள். ஒரே ஒரு நிபந்தனை: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரேசர், பிளேடு, கிரீம் மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றிவிட்டு எது காரணம் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. அப்புறம், மாப்பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் புது ரேசரைப் பிரிக்காதீர்கள். போட்டோ ஆல்பம் ரொம்ப நாள் வீட்டில் இருக்கும்.

கார்ட்ரிட்ஜில் இருந்து சேவிங் செட்டுக்கு வந்தேன், கழுத்தும் தாடையும் எரிகின்றன

அதிகம் வரும் புகார் இது. முதலில் அழுத்தத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக் கைப்பிடி எடை இல்லாதது, அதனால் கார்ட்ரிட்ஜ்காரர்கள் தெரியாமலேயே முகத்தோடு சேர்த்து அமுக்கிப் பழகியிருப்பார்கள். உலோக சேவிங் செட்டுக்கு அதன் சொந்த எடையே போதும். கைப்பிடியின் அடிநுனியை இரண்டு மூன்று விரலால் மட்டும் பிடியுங்கள், உள்ளங்கை படவே கூடாது. அப்படிப் பிடித்தால் அமுக்க நினைத்தாலும் அமுக்க வராது.

அடுத்தது கோணம். ரேசரின் தலையின் மேல்பாகத்தைக் கன்னத்தில் வைத்து, கைப்பிடி தரைக்கு இணையாக நிற்கும்படி பிடியுங்கள். இந்த நிலையில் பிளேடு தோலைத் தொடாது. மெதுவாகக் கைப்பிடியைக் கீழே இறக்கிக்கொண்டே வந்து சின்னதாக நகர்த்திப் பாருங்கள். 'சர்ர்' என்று முடி அறுபடும் சத்தம் எங்கே தொடங்குகிறதோ அங்கே நிறுத்துங்கள். பிளேடுக்கும் தோலுக்கும் நடுவே ஏறக்குறைய 30 டிகிரி இருக்கும். அளவுகோல் வேண்டாம், காது போதும். சத்தம் நின்றுபோனால் கோணம் தவறிவிட்டது என்று அர்த்தம். சவரம் செய்யும்போது பக்கத்தில் பாட்டு ஓட வேண்டாம் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

இரண்டும் சரியாக இருந்தும் கழுத்து மட்டும் எரிந்தால், முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்று தெரியாமல் எதிர்த்து ஓட்டுகிறீர்கள். கன்னத்தில் முடி மேலிருந்து கீழே வளரும். தொண்டைக்குழிக்கு இரண்டு பக்கமும் பலருக்கு அது பக்கவாட்டில், சிலருக்குக் கீழிருந்து மேலே, சிலருக்குச் சுழியாகவே வளரும். இரண்டு நாள் தாடியோடு விரல்நுனியால் எல்லாப் பக்கமும் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு எந்தத் திசையில் எதிர்க்கிறதோ அது எதிர்த்திசை. புது ரேசருக்கு மாறிய முதல் சில வாரங்களுக்கு அந்தத் திசையில் போகவே வேண்டாம். வளரும் திசையில் ஒரு முறை, நுரை போட்டு மறுபடி பக்கவாட்டில் ஒரு முறை. கண்ணாடி மாதிரி வழுவழுப்பு வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் எரிச்சல் என்றால் அப்போதுதான் பிளேடை மாற்ற வேண்டும். நம் ஊர்க் கடைகளில் செவன் ஓ கிளாக், டோபாஸ், லேசர் எல்லாம் பல காலமாகக் கிடைக்கின்றன, அவற்றின் கூர்மையில் வித்தியாசம் உண்டு. ஜப்பானின் ஃபெதர் கூர்மைக்குப் பேர் போனது. கூர்மை அதிகம் என்றால் நல்லது என்று நினைத்து, பழகாத கையோடு அதில் தொடங்கினால் கஷ்டம். மட்டமான பிளேடு என்று ஒன்றை ஒதுக்குவதற்கு முன் வேறு ஒரு முகத்தையும் கேட்டுப் பாருங்கள். எனக்கு ஆகாத பிளேடைத்தான் என் மைத்துனர் டஜன் கணக்கில் வாங்கி அடுக்கி வைத்திருக்கிறார்.

நுரை நிற்கவே மாட்டேன் என்கிறது, பிரஷ் எடுப்பதற்குள் காய்ந்துவிடுகிறது

டப்பா நுரையில் இருந்து பிரஷுக்கும் சோப்புக்கும் மாறியவர்களுக்கு வருவது. எல்லோரும் கிரீமைத் திட்டுவார்கள். நான் தண்ணீரைச் சந்தேகப்படச் சொல்வேன், செட்டிநாட்டில் அதுதான் முதல் குற்றவாளி.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் அதிகமாக இருந்தால் அவை சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைத் திப்பியாகிவிடுகின்றன. நுரையாக வேண்டிய சோப்பு வாளியின் விளிம்பில் அழுக்காகப் படிகிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம். அந்த 600 குடிக்க ஏற்கத்தக்கதாக இருக்கலாம். சவர சோப்பு அதை ஏற்காது.

சோதனை எளிது. இரண்டு டம்ளர் எடுங்கள். ஒன்றில் போர் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீரோ மழைத்தண்ணீரோ. இரண்டிலும் பட்டாணி அளவு அதே கிரீமைப் போட்டுக் குலுக்குங்கள். ஒன்றில் நுரை ஏறி நிற்கும், மற்றதில் பால் கலந்த மாதிரி கலங்கும். அப்படித் தெரிந்தால் உங்கள் கிரீமும் பிரஷும் குற்றமற்றவை.

இந்தச் சீமையில் தண்ணீரைத் தரம் பிரித்துப் புழங்குவது புதிதல்ல. ஊருணித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும், கிணற்றுத் தண்ணீர் புழங்கவும் என்று இருந்த ஊர்கள் இவை. கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் பழைய வீடுகளில் முற்றத்து ஓட்டுச் சரிவில் இறங்கும் மழைத்தண்ணீரை அண்டாவில் பிடித்துக்கொள்வார்கள். காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்கள். ஆனால் இப்போது தெருவுக்குத் தெரு போர் மாறுகிறது, தண்ணீரும் மாறுகிறது. வாடகை வீடு மாறிய மாதமே நுரையும் போனது என்றால் வேறு காரணம் தேடவே வேண்டாம்.

சரி, என்ன செய்வது? முகம் கழுவ எந்தத் தண்ணீரும் ஆகட்டும். பிரஷ் நனைக்க, நுரை அடிக்க மட்டும் அரை டம்ளர் கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தேவைப்படாது. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டால் பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மை குறையும். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதே அதற்குச் சாட்சி. சல்பேட், குளோரைடால் வரும் கடினத்தன்மை கொதித்தாலும் போகாது. இது எதுவுமே முடியாது என்றால் டப்பா நுரைக்கே திரும்பிவிடுங்கள், அதில் தவறு ஒன்றும் இல்லை. டப்பாவுக்குள் நல்ல தண்ணீர் ஏற்கெனவே கலந்திருக்கிறது. அதனால் உங்கள் போருக்கு அங்கே வேலை குறைவு.

நல்ல தண்ணீரிலும் நுரை காய்கிறது என்றால் தண்ணீர் போதவில்லை. பிரஷில் சில சொட்டுகளாகச் சேர்த்துக்கொண்டே சுற்றுங்கள். நுரை பளபளக்க வேண்டும். பஞ்சு மிட்டாய் மாதிரி உப்பி நிற்கும் நுரை பார்க்க அழகு, பிளேடுக்கு உதவாது. சித்திரை, வைகாசி வெயிலில் மின்விசிறிக்கு அடியில் நின்று சவரம் செய்தால் எந்த நுரையும் நிற்காது.

முடியை அறுக்காமல் இழுக்கிறது, பிடுங்குகிற மாதிரி வலிக்கிறது

பிளேடு மழுங்கிவிட்டது என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம், பாதி நேரம் அது உண்மையும்கூட. சேவிங் செட் பிளேடு ஒரு நாலைந்து சவரம் வரை நன்றாக ஓடும். முடி முரடாக இருந்தால் அதற்கும் குறைவு. ஒரு டீக் காசுக்கு இரண்டு மூன்று பிளேடு வாங்கிவிடலாம். அதில் சிக்கனம் பார்த்து முகத்தைப் புண்ணாக்க வேண்டாம்.

புது பிளேடும் இழுக்கிறது என்றால் முடி நனையவில்லை. இங்கே எனக்குப் பிடித்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. முடி எஃகைவிட ஏறக்குறைய 50 மடங்கு மென்மையானது. அப்படி இருந்தும் எஃகு பிளேடு எப்படி மழுங்குகிறது? அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கிக்குள்ளேயே முடியை அறுத்துப் பார்த்து 2020-ல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். விளிம்பு தேய்ந்து மட்டும் மழுங்குவதில்லை, சில்லு சில்லாகவும் பெயர்கிறது. முடி சாய்வாக வளைந்து கொடுக்கும் இடத்தில், எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத புள்ளியில் அது பட்டால் விளிம்பு உடைகிறது. ஆக, உலர்ந்த முரட்டு முடியை அறுத்தால் பிளேடுக்கும் சேதம், உங்களுக்கும் வலி. குளித்த பிறகு சவரம் செய்யுங்கள், அல்லது இரண்டு மூன்று நிமிடம் ஈரத்தோடு நுரையை ஊறவிடுங்கள். நம் ஊர் வழக்கப்படி சவரம் முடித்துவிட்டுத்தான் குளிப்பேன் என்பவர்கள் ஈரத் துண்டை முகத்தில் சற்று நேரம் போட்டுக்கொண்டால் போதும்.

பிளேடைத் துண்டில் துடைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். விளிம்பின் மேல் டெஃப்லான் வகைப் பூச்சு மெல்லியதாக இருக்கிறது, துடைப்பதில் அதுவும் போகும், விரலும் போகும். தண்ணீரில் அலசி உதறினால் போதும்.

பழனி நடைப்பயணத்துக்கும் சபரிமலைக்கும் மாலை போட்டுத் தாடி வளர்த்தவர்கள் கவனிக்க. தைப்பூசம் முடிந்து வந்த மறுநாள் அந்தத் தாடியை நேராக ரேசரால் எடுக்கப் பார்த்தால் எந்த ரேசரும் இழுக்கத்தான் செய்யும். கார்ட்ரிட்ஜ் உடனே அடைத்துக்கொள்ளும், மின்சார ஷேவரின் சல்லடைக்குள் நீண்ட முடி நுழையவே நுழையாது. ட்ரிம்மராலோ கத்தரியாலோ ஒட்ட வெட்டிய பிறகுதான் ரேசர்.

ஒரு பக்கம் நன்றாக மழிக்கிறது, மறுபக்கம் சும்மா போகிறது

இது முகத்தில் இல்லை, இரும்பில்தான். இரட்டை விளிம்பு பிளேடின் தடிமன் 0.1 மில்லிமீட்டர்தான். அதை மேல்மூடியும் அடித்தட்டும் சேர்ந்து வளைத்துப் பிடித்தால்தான் விறைப்பாக நிற்கும். ரேசரின் தலையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து இரண்டு பக்கமும் பாருங்கள், பிளேடு ஒரே அளவு எட்டிப் பார்க்க வேண்டும். கோணலாக இருந்தால் கைப்பிடியைத் தளர்த்தி, ரேசரைக் குப்புறப் பிடித்து, பிளேடின் மழுங்கலான இரண்டு ஓரங்களையும் விரலால் பிடித்து நேராக்கிக்கொண்டு மறுபடி முறுக்குங்கள்.

அப்படியும் கோணல் என்றால், ரேசர் எப்போதாவது கீழே விழுந்ததா? ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் உலோக ரேசர் விழுந்தால் இரண்டுக்குமே நஷ்டம். கல்லில் வடு விழும், ரேசரின் அடித்தட்டு மூலையில் நெளியும். நெளிந்த மூலைதான் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் வெட்டும். குறட்டால் நிமிர்த்திப் பார்க்கலாம், பித்தளை வளைந்து கொடுக்கும். துத்தநாகக் கலவையில் வார்த்த மலிவு ரேசர் நிமிர்த்தும்போதே முறிந்துவிடும்.

இதே தொல்லை காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளில் வாங்கிய ரேசரிலும் வரும். பர்மா, மலேயா போய் வந்தவர்களின் வீட்டுச் சாமான்களோடு பழைய ரேசர்களும் அந்தத் தெருவில் சில சமயம் கண்ணில் படும். கிங் கேம்ப் ஜில்லெட் தன் ரேசருக்குக் காப்புரிமை பெற்றது 1904-ல். பிளேடின் வடிவத்தில் அதற்குப் பிறகு சிறு மாற்றங்கள் வந்தாலும், இன்று பெட்டிக்கடையில் வாங்கும் பிளேடு பழைய மூன்று பாக ரேசர்கள் பெரும்பாலானவற்றில் அப்படியே பொருந்துகிறது. நூறு ஆண்டுப் பழைய கைப்பிடியில் நேற்றுத் தயாரித்த பிளேடு உட்காரும் அதிசயம் வேறு எந்தச் சாமானிலும் எனக்குத் தெரிந்து இல்லை.

வாங்கும்போது மூன்று பார்க்க வேண்டும். கைப்பிடியின் மரை கடைசி வரை முறுக்கிக்கொள்கிறதா. அடித்தட்டு கண்ணாடி மேல் வைத்தால் ஆடாமல் உட்காருகிறதா. சீப்புப் பல் வைத்த ரேசர் என்றால் பற்கள் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றனவா. மரை போன ரேசர் அலங்காரத்துக்குத்தான். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பித்தளைக் குடம் விளக்குகிற மாதிரி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். மேலே இருக்கும் நிக்கல் அல்லது தங்க முலாம் மிக மெல்லியது, ஒரே விளக்கலில் பித்தளை பல்லைக் காட்டும். வெந்நீர், பாத்திரம் கழுவும் திரவம், பழைய பல் தேய்க்கும் பிரஷ் போதும். பிறகு மருத்துவக் கடை ஸ்பிரிட்டில் சற்று நேரம் ஊற வையுங்கள். யார் முகத்தில் ஓடியது என்று நமக்குத் தெரியாது.

ரத்தம் வருகிறது

குளிர்ந்த தண்ணீரில் கழுவி, நனைத்த படிகாரக் கல்லை வெட்டின் மேல் அழுத்திப் பிடியுங்கள். முகம் முழுக்கத் தேய்த்தால் இன்னொரு பலனும் உண்டு: எங்கெல்லாம் சுள்ளென்று பிடிக்கிறதோ அங்கெல்லாம் அதிகமாக அழுத்தியிருக்கிறீர்கள் என்று அது சொல்லிவிடும். மோவாயிலும் மேலுதட்டிலும் அடிக்கடி வெட்டினால், அங்கே நீளமாக இழுக்காமல் சின்னச் சின்ன ஓட்டமாக ஓட்டுங்கள். பிளேடைப் பக்கவாட்டில் நகர்த்தவே கூடாது, காய்கறி நறுக்குகிற மாதிரி வெட்டிவிடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், சர்க்கரை நோயால் புண் ஆறத் தாமதமாகிறவர்கள் சேவிங் செட்டோ சவரக்கத்தியோ பழகிப் பார்ப்பதைவிட மின்சார ஷேவரில் இருந்துவிடுவது நல்லது.

இரண்டு நாள் கழித்துக் கழுத்தில் பொரிப் பொரியாக வருகிறது

இதில் மூன்று தனித்தனிச் சங்கதிகள் உண்டு. எல்லாவற்றையும் 'பரு' என்று சொல்லிவிட்டால் மருந்து தவறிப்போகும்.

பொரிக்கு நடுவே சுருண்ட முடி தெரிந்தால் அது தோலுக்குள் வளரும் முடி. பல பிளேடு கார்ட்ரிட்ஜுக்கு மாறியவர்களுக்கு, அதிலும் சுருட்டை முடிக்காரர்களுக்கு இது அதிகம். முதல் பிளேடு முடியைச் சற்று வெளியே இழுக்கிறது. அது உள்ளே திரும்புவதற்குள் அடுத்த பிளேடு அறுக்கிறது. அறுபட்ட நுனி தோல் மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. நேரான முடி மறுபடி மேலே வந்துவிடும், சுருண்ட முடி பக்கச் சுவரைக் குத்திக்கொண்டு வளரும். ஊசியால் நோண்டாதீர்கள், கறுப்புத் தழும்பு நிற்கும். சில நாள் சவரத்தையே நிறுத்துங்கள். பிறகு ஒற்றைப் பிளேடில், வளரும் திசையில் மட்டும், தோலை இழுத்துப் பிடிக்காமல். அதுவும் ஒத்துவராவிட்டால் ட்ரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். வழுவழுப்பு கிடைக்காது, கழுத்து தப்பும்.

பொரியில் சீழ் கோத்து, தொட்டால் வலித்தால் முடிக்காலில் கிருமி புகுந்திருக்கிறது. பழைய பிளேடைத் தூக்கிப் போடுங்கள், துண்டை வெயிலில் உலர்த்துங்கள், ரேசரை ஸ்பிரிட்டில் நனையுங்கள். பரவினால் மருத்துவரைப் பாருங்கள்.

வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து, அரிப்பெடுத்தால் அது படர்தாமரையாக இருக்கலாம், ரேசருக்குச் சம்பந்தமே இல்லாமலும் வந்திருக்கும். மருந்துக் கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் இரண்டு நாள் அற்புதமாக அடங்கும், பிறகு இரட்டிப்பாகப் படரும். இதற்குத் தோல் மருத்துவர்தான். இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும் வீட்டில் இருக்கும் ஒரே ரேசரை அண்ணனும் தம்பியும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் வழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும்.

சேவிங் செட்டில் இருந்து கார்ட்ரிட்ஜுக்குத் திரும்பினேன், முகம் சிவந்து போகிறது

சேவிங் செட்டில் இரண்டு மூன்று முறை நுரை போட்டு ஓட்டிப் பழகியிருப்பீர்கள். அதையே ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜில் மூன்று முறை செய்தால் ஒரே இடத்தில் பதினைந்து பிளேடு போகிறது. கார்ட்ரிட்ஜில் ஒரு முறை போதும், விட்ட இடத்தில் மட்டும் மறுபடி தொடுங்கள். கையால் கோணம் பிடிக்கும் பழக்கத்தையும் விட வேண்டும், தலை தன்னால் படிந்துகொள்ளட்டும்.

அடைத்துக்கொள்கிறது என்றால் பிளேடுகளுக்கு நடுவே இடைவெளி குறைவு. ஓடும் தண்ணீரைப் பின்பக்கம் இருந்து பாய்ச்சுங்கள். வாஷ்பேசினில் தட்டுவதால் பிளேடு வரிசை தளரும், வேறு பயன் இல்லை. குறைந்த தண்ணீரில் அலசவேண்டிய வீடுகளை நினைத்து வந்ததுதான் 2010-ல் இந்தியச் சந்தையில் இறங்கிய ஜில்லெட் கார்ட். ஒற்றைப் பிளேடு, முன்னால் ஒரு சீப்பு, அகலமான வழி. ஒரு குவளைத் தண்ணீரில் ஆட்டினாலே முடி போய்விடும். விலை உயர்ந்த ஐந்து பிளேடுக்காரர்கள் அதைக் கேவலமாகப் பார்ப்பதுண்டு. தோலுக்குள் முடி வளரும் தொல்லை உள்ளவர்களுக்கு நான் முதலில் வாங்கித் தருவது அதைத்தான்.

மின்சார ஷேவர் வாங்கினேன், பாதி முடி நிற்கிறது, தோலும் சிவக்கிறது

முதல் இரண்டு மூன்று வாரம் அப்படித்தான் இருக்கும், பொறுங்கள். நடுவில் ஒரு நாள் பிளேடு, ஒரு நாள் ஷேவர் என்று மாற்றிக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கு முடியவே முடியாது.

நம் ஊரின் புழுக்கத்தில் இன்னொரு காரணமும் சேரும். உலர்ந்த சவரத்துக்கான ஷேவர் வேர்வை ஈரத்தில் வழுக்கி ஓடாமல் தோலில் ஒட்டி இழுக்கும். காலையில் எழுந்ததும், வேர்க்கும் முன், முகத்தில் லேசாகப் பவுடர் போட்டுக்கொண்டு ஓட்டினால் வித்தியாசம் உடனே தெரியும். பிளேடு பழக்கத்தில் முடியின் திசையிலேயே ஓட்டுகிறீர்களா என்றும் பாருங்கள். இங்கே அந்தச் சட்டம் தலைகீழ். முடி துளைக்குள் நுழைய வேண்டுமே, அதனால் எதிர்த்திசைதான். நீளத் தகடு வைத்தது என்றால் நேராகவும், 1939 முதல் பிலிப்ஸ் செய்துவரும் சுழல் வகை என்றால் சின்ன வட்டமாகவும் ஓட்ட வேண்டும். வாங்கி ஒன்றரை இரண்டு வருடம் ஆகி, தகடு சுடுகிறது, கடிக்கிறது என்றால் தலையை மாற்றும் காலம் வந்துவிட்டது.

சலூனில் வழுவழுப்பாக வருகிறது, வீட்டில் வரவில்லை. அதனால் சவரக்கத்தி வாங்கினேன்

இப்போது சலூன்களில் ஓடுவது பெரும்பாலும் பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகும் கத்தி. கண்ணெதிரே புது பிளேடு பிரிக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். அந்த வழுவழுப்பு கத்தியால் மட்டும் வருவதில்லை. சலூன் அண்ணனின் இடது கையைக் கவனித்திருக்கிறீர்களா? கத்தி ஓடும் ஒவ்வொரு இடத்திலும் அது முன்னாலேயே போய்த் தோலை இழுத்துப் பிடித்திருக்கும். வீட்டில் எந்த ரேசராக இருந்தாலும் அந்த இடது கையைக் கடன் வாங்கிப் பாருங்கள், கத்தி வாங்கும் செலவு மிச்சம். (தோலுக்குள் முடி வளரும் ஆட்களுக்கு இது பொருந்தாது, மேலே சொன்னேன்.)

மடக்கும் முழுக்கத்தியே வேண்டும் என்று பழம்பொருள் கடையில் ஜெர்மனியின் சொலிங்கன் ஊர் முத்திரை போட்ட கத்தி வாங்கியவர்களுக்கு: விளிம்பில் ஊசிமுனை போல் துருக்குழி இருந்தால் அது பழகாது, கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள். குழி இல்லாமல் மழுங்கல் மட்டும் என்றால், தெருவில் வரும் சாணைச் சக்கரக்காரரிடம் நீட்டிவிடாதீர்கள். அரிவாளுக்கும் அருவாமனைக்கும் அவர் கை பொன். சவரக்கத்தியின் விளிம்பு அந்தச் சூட்டில் பதம் இழந்துவிடும். தட்டையான நயக் கல்லில், தண்ணீர் விட்டு, கத்தியின் முதுகும் விளிம்பும் சேர்ந்து கல்லில் படிய இழுக்க வேண்டும். ஒவ்வொரு சவரத்துக்கு முன்னும் தோல்வாரில் முதுகுப் பக்கம் முன்னால் போகும்படி தீட்டவேண்டும். இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர்கள் பாதி பிளேடு கத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம். முகத்துக்கு வித்தியாசம் தெரியாது.

பிளேடும் ரேசரும் துருப்பிடிக்கின்றன, வெள்ளை படிகிறது

"ஸ்டெயின்லெஸ்னுதானே போட்டிருக்கு, ஏன் துருப்பிடிக்குது?" என்று கேட்பவர்கள் உண்டு. சமையலறை எவர்சில்வரில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. பிளேடு எஃகில் குரோமியம் 13 சதவீதம் அளவில், நிக்கல் இல்லை, கூர்மைக்காகக் கார்பன் அதிகம். அந்தக் கார்பன் குரோமியத்தில் ஒரு பங்கைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. அதனால் உப்புத் தண்ணீரில் உள்ள குளோரைடு முதலில் பிளேடைத்தான் குழி பறிக்கும். அரிமானத்தை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகமே காரைக்குடியில் இருக்கிறது, நம் குளியலறை அலமாரியில் தினமும் அதே பாடம் நடக்கிறது.

சவரம் முடிந்ததும் நுரைக்கு எடுத்து மிச்சம் இருக்கும் நல்ல தண்ணீரில் ரேசரை ஒரு முறை அலசி, உதறி, குளியலறைக்கு வெளியே காற்றாட வையுங்கள். வாரம் ஒரு முறை ரேசரைக் கழற்றிக் காய வைத்தால் பாகங்களுக்கு நடுவே ஈரம் தங்காது. வெள்ளைப் படிவத்துக்கு வினிகர் கலந்த தண்ணீரில் சில நிமிடம் போட்டு எடுத்து அலசலாம். முலாம் உரிந்து சாம்பல் நிறம் தெரியும் துத்தநாகக் கலவை ரேசரை மட்டும் அதில் போடாதீர்கள், அமிலம் அதை அரிக்கும். அப்படி உரிய ஆரம்பித்த ரேசரைக் காப்பாற்ற வழியும் இல்லை.

கழற்றிய பிளேடுகளைத் தாளில் சுற்றிக் குப்பையில் போட்டால் குப்பை பிரிக்கும் தூய்மைப் பணியாளர் கையை அது கிழிக்கும். காலியான பவுடர் டப்பாவில் மேல்மூடியில் கீறல் போட்டு அதற்குள் தள்ளிவையுங்கள். நிரம்பியதும் டேப் ஒட்டி, பழைய இரும்புக்காரரிடம் என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்துவிடலாம். திருச்சியிலோ மதுரையிலோ சிங்கப்பூருக்கு விமானம் ஏறுபவர்கள் தனிப் பிளேடுகளையும் சவரக்கத்தியையும் கைப்பையில் வைக்க முடியாது, சோதனையிலேயே வாங்கிக்கொள்வார்கள். அவற்றைப் பெரிய பெட்டியில் போட்டுவிட்டு, கைப்பைக்கு ஒரு கார்ட்ரிட்ஜ் எடுத்துக்கொள்ளுங்கள். பிளேடு இல்லாத சேவிங் செட்டையும் பெட்டியிலேயே போட்டுவிட்டால் வரிசையில் நின்று விளக்கம் சொல்லும் வேலை மிச்சம்.